கொலஸ்ட்ரால் ‘கசிகிறதா’?

மருத்துவக் கட்டுரைகளில் “கொழுப்புக் கசிவு” என்று பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. செல்லிலிருந்து கொலஸ்ட்ரால் வெளியே போவதை ஆங்கிலத்தில் கொலஸ்ட்ரால் எஃப்ளக்ஸ் என்பார்கள், அதற்கு யாரோ போட்ட சொல். இரண்டு பாதியும் தப்பு.

சொற்பிறப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். எஃப்ளக்ஸ் லத்தீன், ‘வெளியே ஓடுதல்’. கொலஸ்ட்ரால் கிரேக்கம்: கொலே பித்தம், ஸ்டீரியோஸ் திடம். பித்தக்கல்லில் கண்ட பொருள் என்பதால் அந்தப் பெயர். நம் ‘கொழுப்பு’ நெய், தொப்பை, திமிர் எல்லாவற்றுக்கும் பொது, அதனால் கொலஸ்ட்ராலை அப்படியே எழுதுங்கள், தெரியாத ஆளே இல்லை.

இனி கசிவு. கசிவது ஓட்டைப் பானை. செல்லில் நடப்பது வேறு. மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லில் கொலஸ்ட்ரால் மிஞ்சினால் அதிலிருந்து உண்டாகும் ஆக்சிஸ்டெரால்கள் எல்எக்ஸ்ஆர் என்ற ஏற்பியைத் தூண்டும், அது ஏபிசிஏ1 மரபணுவை முடுக்கும், அந்த மரபணு தரும் புரதம் செல்சவ்வில் அமர்ந்து, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, கொலஸ்ட்ராலையும் சவ்வுக் கொழுப்பான பாஸ்போலிப்பிடையும் வெளியே உள்ள ஏபோஏ-1 புரதத்திடம் ஒப்படைக்கும். ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்கிறோமே, அந்த எச்டிஎல் துகள் உருவாகத் தொடங்குவதே அங்குதான். மைக்ரோ ஆர்என்ஏ-33 என்று ஒரு குட்டி ஆர்என்ஏ இதே ஏபிசிஏ1-ஐ அடக்கியும் வைக்கும். இத்தனை கட்டுப்பாட்டோடு நடப்பதற்குப் பெயர் கசிவாம்! கசிவு என்றாலே பழுது என்றுதான் படிப்பவர் நினைப்பார். இங்கே பழுதானால் வேலையே நின்றுவிடுகிறது: டான்ஜியர் நோய் என்ற அரிய பரம்பரை நோயில் எச்டிஎல் ஏறக்குறைய இல்லாமல் போய், டான்சில் ஆரஞ்சு நிறத்தில் வீங்கும். அதற்குக் காரணம் ஏபிசிஏ1 கோளாறு என்பது 1999-இலேயே தெரிந்துவிட்டது.

தனித்தமிழ் அன்பர்களின் ‘வெளிப்பாய்வு’ லத்தீனை உரித்து வைத்த சொல், அதுதான் அதன் குறையும். பாய்வது தானாகப் பாயும், அதில் செல்லின் வேலை எங்கே தெரிகிறது? தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தோமே, அது போதும். கொலஸ்ட்ராலில் ஒரு பகுதி விரவல் (டிஃப்யூஷன்) மூலம் தானாகவே எச்டிஎல் துகளுக்குப் போகிறது, அதை ‘வெளியேறல்’ என்போம். ஏபிசிஏ1 செய்வது ‘வெளியேற்றம்’. ஆங்கிலத்தில் இரண்டுமே எஃப்ளக்ஸ்தான், வேறுபாடு காட்ட முன்னால் அடைமொழி ஒட்டவேண்டும். நமக்கு ஏறு, ஏற்று என்று வினையிலேயே இருக்கிறது. இதை விட்டுவிட்டு ஏன் புதுச்சொல் வார்க்கவேண்டும்?

அப்புறம், “சமிக்ஞைப் பாதை வழியாகக் கொலஸ்ட்ரால் வெளியேறுகிறது” என்று எழுதுகிறவர்களுக்கு: அந்தப் பாதையில் போவது செய்தி மட்டும்தான். கொலஸ்ட்ரால் போவது செல்சவ்வைத் தாண்டி. மூலக் கட்டுரையில் படம் போட்டு அம்புக்குறியும் வரைந்திருப்பார்கள், மொழிபெயர்க்க உட்காருமுன் அதையாவது ஒருமுறை பார்க்கக்கூடாதா?