சகப்பிணைப்பு: சொல்லும் பொருளும்

இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இணையைப் பொதுவில் வைத்துக்கொண்டு சேர்ந்து நிற்பதற்குப் பெயர் சகப்பிணைப்பு. ஆங்கிலத்தில் கோவேலன்ட் பாண்ட். ஈழத்துப் பாடநூல்களில் இதுவே பங்கீட்டு வலுப்பிணைப்பு.

கருத்தைச் சொன்னவர் ஒருவர், பெயர் வைத்தவர் இன்னொருவர். எலக்ட்ரான் இணைதான் அணுக்களைப் பிணைக்கிறது என்று 1916இல் எழுதியவர் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ். ‘கோவேலன்ஸ்’ என்ற சொல்லை 1919இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இர்விங் லாங்மியூர். அவர் அதைப் பிணைப்பின் பெயராகக்கூட வைக்கவில்லை. ஓர் அணு தன் பக்கத்து அணுக்களோடு எத்தனை எலக்ட்ரான் இணைகளைப் பொதுவில் வைத்திருக்கிறது என்ற எண்ணிக்கைக்குத்தான் அந்தப் பெயர். நீரில் ஆக்சிஜனுக்கு அது 2, மீத்தேனில் கார்பனுக்கு 4.

‘கோ’ என்றால் கூட, சேர்ந்து. ‘வேலன்ஸ்’ வலிமையைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஓர் அணு பிற அணுக்களோடு இணையும் திறனான வேலன்சியை ஈழத்தார் வலுவளவு என்பது அந்த வேரை அப்படியே பிடித்த மொழிபெயர்ப்பு. தமிழ்நாட்டில் அதை இணைதிறன் என்கிறோம். வேரை விட்டுவிட்டு வேலையைச் சொல்கிற சொல்.

சகப்பிணைப்பில் ‘சக’ வடமொழி ‘ஸஹ’விலிருந்து வந்தது. சக ஊழியர், சக பயணி என்று நாம் தினமும் சொல்கிற அதே சக. ‘பிணைப்பு’ தமிழ். பிணைத்தல் என்றால் கட்டுதல். கோர்ட்டில் கேட்கிற பிணையும் இந்த வேர்தான்.

சரி, சகப்பிணைப்பு, பங்கீட்டு வலுப்பிணைப்பு இரண்டில் எது பொருத்தம்? பங்கீடு என்ற சொல் எலக்ட்ரானை நினைவுபடுத்துகிறது, அது அதன் பலம். ஆனால் பங்கீடு என்றதும் ஆளுக்குப் பாதி பிரித்துக்கொள்வதாக மனம் நினைத்துவிடும். இங்கே எதுவும் பிரிவதில்லை. ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கருக்களும் 74 பிக்கோமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. நடுவில் உள்ள இரண்டு எலக்ட்ரான்களும் இரண்டு கருக்களுக்கும் சொந்தம். இன்னும் நெருங்கினால் கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். பிரித்தெடுக்க வேண்டுமானால் மோலுக்கு 436 கிலோஜூல் செலவாகும். இது பாகப்பிரிவினை இல்லை, கூட்டுப் பட்டா. ஹைட்ரஜன் குளோரைடிலும் பட்டாவில் இரண்டு பேர்தான், ஆனால் அனுபவம் அதிகம் குளோரினுக்கு. அதனால் குளோரின் பக்கம் சிறிது எதிர்மின் தன்மை ஏறுகிறது. இதை முனைவுள்ள சகப்பிணைப்பு என்பார்கள். ஆக, என் ஓட்டு ‘சக’வுக்கே.

சமையல் உப்பில் கதை வேறு. சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தேவிடுகிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. இப்படி மின்சுமை ஏறிய அணுக்களுக்குப் பெயர் அயனிகள்; அவற்றின் கட்டு அயனிப் பிணைப்பு. உப்புப் படிகத்தில் தனித்தனி மூலக்கூறு என்று எதுவும் கிடையாது. ‘உப்பு மூலக்கூறு’ என்று எழுதுவது பிழை.

அப்புறம், பாடநூலில் எனக்கு மிகவும் பிடித்த சொல் ஈதல் சகப்பிணைப்பு. பொதுவில் வைக்கும் இணையின் இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரே அணு தருவது. அம்மோனியாவின் நைட்ரஜன், வெறுங்கையோடு வரும் ஹைட்ரஜன் அயனிக்கு அப்படி ஈந்தால் அம்மோனியம் அயனி கிடைக்கும். உருவான பிறகு அதன் நான்கு பிணைப்புகளும் ஒரே நீளம், ஒரே வலு; ஈந்ததால் வந்தது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது.