வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சி: பலனை எப்படி அளக்கிறார்கள்?

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், அதாவது என்.ஐ.எச்., மருத்துவ ஆராய்ச்சிக்கு வருடத்துக்கு 4,000 கோடி டாலருக்கும் மேல் செலவழிக்கிறது. அத்தனையும் மக்கள் பணம். அதில் எவ்வளவு நோயாளிக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் யாராலும் சட்டென்று சொல்ல முடியாது, ஆனால் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

என்.ஐ.எச். பணத்தில் ஆய்வு செய்பவர் கட்டுரையில் தன் நிதியின் எண்ணைக் குறிப்பிட்டாக வேண்டும். மருத்துவக் கட்டுரைகளைப் பட்டியலிடும் பப்மெட் தரவுத்தளத்திலும் அந்த எண் பதிவாகும். மருந்து கம்பெனி காப்புரிமை வாங்கும்போது எந்தெந்த ஆய்வுக் கட்டுரைகளை மேற்கோள் காட்டியது என்பது அந்த ஆவணத்திலேயே இருக்கும். இந்த இரண்டையும் கணினியில் கோர்த்துவிட்டால் நிதியிலிருந்து கட்டுரை, கட்டுரையிலிருந்து காப்புரிமை, அங்கிருந்து மருந்து என்று பணம் போன தடத்தைப் பிடித்துவிடலாம். 1980 முதல் 2007 வரை கொடுத்த சுமார் 3.65 லட்சம் நிதிகளை இப்படித் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2017-ல் சயின்ஸ் இதழில் வந்தது. நேரடியாகக் காப்புரிமை தந்தவை பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் வேறு யாரோ வாங்கிய காப்புரிமையில் மேற்கோளாக இடம்பெற்ற கட்டுரைகளைத் தந்தவை 30 சதவீதம். முதல் கணக்கோடு நிறுத்தியிருந்தால் பலனில் பெரும்பகுதி கண்ணிலேயே பட்டிருக்காது.

எதிர்த்திசையிலும் போகலாம். 1976-ல் கோம்ரோ, டிரிப்ஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதயம், நுரையீரல் சிகிச்சையில் வந்த பத்து பெரிய முன்னேற்றங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு அடிப்படையாக இருந்த 529 கட்டுரைகளைப் பின்னோக்கித் தேடினார்கள். அதில் 41 சதவீதத்தை எழுதியவர்களுக்கு, எழுதிய நேரத்தில் எந்த நோயைக் குணப்படுத்தும் எண்ணமும் இல்லை! “இதனால் நோயாளிக்கு என்ன பயன்?” என்று விண்ணப்பத்திலேயே நிரூபிக்கச் சொல்லும் முறை எனக்குக் கவலை தருவது இதனால்தான்.

சரி, பலனைப் பணமாகச் சொல்ல முடியுமா? பிரிட்டனில் 2008-ல் முயன்றார்கள். இதய நோய் ஆராய்ச்சியால் கூடிய ஆரோக்கியமான ஆயுளைப் பவுண்டில் மதிப்பிட்டு, அந்தச் சிகிச்சைகளின் செலவைக் கழித்தார்கள். அதில் பிரிட்டிஷ் ஆராய்ச்சியின் பங்கு எவ்வளவு என்பதற்கு, மருத்துவர்கள் பின்பற்றும் சிகிச்சை வழிகாட்டி நூல்களை எடுத்து, அவற்றின் மேற்கோள்களில் எத்தனை பிரிட்டனிலிருந்து வந்தவை என்று எண்ணினார்கள். கிடைத்த விடை, போட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் (100 பென்ஸ்) ஆரோக்கியப் பலனாக 9 பென்ஸ், பொருளாதார வளர்ச்சியாக 30 பென்ஸ், அதுவும் வருடாவருடம். ஆனால் ஆராய்ச்சிக்கும் பலனுக்கும் நடுவே சுமார் 17 ஆண்டு இடைவெளி. மூன்று வருடத் திட்டத்தை மூன்றாம் வருடக் கடைசியில் கட்டுரை எண்ணிக்கையை வைத்து மதிப்பிடுகிற அலுவலகங்கள் இந்த 17-ஐ ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

எந்த எண்ணிக்கையிலும் சரியாக அகப்படாத ஆராய்ச்சியும் உண்டு. 1956-ல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து காசநோய் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கின (சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான்). நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சானடோரியத்திலும் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) மறுபாதிக்கு வீட்டிலும் ஒரே மருந்துகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். வீட்டில் நெரிசல், போதாத சாப்பாடு. அப்படியிருந்தும் வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவுக்குப் பலன் தந்தது, கூடவே இருந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவுதான், படுக்கை கிடைக்கும்வரை காத்திருக்காமல் ஏழை நாடுகள் காசநோய்க்குச் சிகிச்சை தர வழிவிட்டது.

இதில் புது மருந்து இல்லை, காப்புரிமை இல்லை. காப்புரிமைத் தடத்தை மட்டும் பிடித்துப் போனால் இதன் மதிப்பு பூஜ்யம். நான் பார்த்தவரை, மருத்துவத்தில் பொதுப்பணத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய பலன்களில் இது ஒன்று. தேவைப்படாமல் போன படுக்கைகள், குடும்பத்தை விட்டுப் பிரியாமல் இருந்த மாதங்கள், மாறிய அரசுக் கொள்கைகள் என்று எண்ணினால்தான் அது தெரியும். அப்படி எண்ணுவதற்கு ஆய்வு முடிந்த பிறகும் ஆள் வேண்டும், பணம் வேண்டும். சென்னை மையம் அந்த நோயாளிகளையும் அவர்கள் குடும்பங்களையும் 5 வருடம் தொடர்ந்து கவனித்தது. அதனால்தான் வீட்டுச் சிகிச்சையின் பலன் நிலைத்ததா, குடும்பத்தில் பிறகு யாருக்காவது நோய் வந்ததா என்ற கேள்விகளுக்கு ஆதாரத்தோடு பதில் கிடைத்தது.