கண்ட்ரோல்: தமிழில் கட்டுப்பாட்டியல்

கிண்டியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. அதே கிண்டியில் பொறியியல் மாணவர்கள், ஓர் அமைப்பை நாம் விரும்பும்படி இயங்க வைக்கும் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடமும் படிக்கிறார்கள். இரண்டுக்கும் தமிழில் 'கட்டுப்பாடு' என்றே எழுதுகிறோம். அதனால் ஒருவரைக் 'கட்டுப்பாட்டுத் துறைக் கணிதப் பேராசிரியர்' என்று படித்தால், அவர் எதைத் தடுக்கிறார் என்றுதான் கேட்கத் தோன்றும்.

லத்தீனில் 'கான்ட்ரா' என்றால் எதிர், 'ரோட்டுலஸ்' என்றால் சுருள். இடைக்கால ஐரோப்பாவில் கணக்கு எழுதிய சுருளுக்கு இன்னொரு நகலும் வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டால் எங்கே பிசகு என்று தெரிந்துவிடும். அந்த எதிர்ச்சுருள்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'கண்ட்ரோல்' ஆனது. வேரில் இருப்பது சரிபார்ப்பு. அடக்குதல், அதிகாரம் எல்லாம் அப்புறம் ஏறிய பொருள்கள்.

கண்ட்ரோல் என்ற கணிதத் துறை அந்தப் பழைய பொருளுக்குத்தான் நெருக்கம். மே மாத வெயிலில் ஏசியை 24 டிகிரியில் வைக்கிறோம். அதிலுள்ள கருவி, அறையின் வெப்பத்தை அளக்கிறது, 24-உடன் ஒப்பிடுகிறது, வித்தியாசத்துக்கு ஏற்ப கம்ப்ரசரை இயக்குகிறது, மறுபடி அளக்கிறது. இந்தச் சுற்றுக்குப் பெயர் பின்னூட்டம். நீராவி எஞ்சினில் இதே வேலையைச் செய்த வேகச் சீராக்கி எப்போது நிலைபெறும், எப்போது தடுமாறும் என்று 1868-ல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் சமன்பாடுகளால் ஆராய்ந்தார். ஓர் அமைப்பை நாம் விரும்பும் நிலைக்குக் கொண்டுபோக முடியுமா என்ற கேள்விக்கு 1960 வாக்கில் கணித அறிஞர் கால்மன் கணித வடிவம் கொடுத்தார்.

இந்தத் துறையிலேயே வாழ்நாளைக் கழித்தவர் ஏ.வி. பாலகிருஷ்ணன். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, பின்பு லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2001-ல் இந்தத் துறைக்கான பெல்மன் விருது பெற்றார். காற்றோட்டத்தில் விமான இறக்கை படபடப்பதன் கணிதத்தைத் தொண்ணூறை நெருங்கும் வயதிலும் விடாமல் ஆராய்ந்தார். படபடக்கும் இறக்கையை அதட்டி நிறுத்த முடியாது. அசைவை அளந்து, அதற்கேற்ப விசை கொடுத்துத்தான் அடக்க வேண்டும்.

சரி, தமிழ்ச் சொல் பொருந்துகிறதா? 'கட்டுப்படு' தன்வினை. அதிலிருந்து வந்த 'கட்டுப்பாடு' கட்டுக்குள் இருப்பதைச் சொல்கிறது. ஊர்க் கட்டுப்பாடு அப்படித்தான். இங்கே நமக்கு வேண்டியது பிறவினை: கட்டுப்படுத்தல். இதைவிட எனக்குப் பிடித்தது 'ஆள்' என்ற வினை. புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார், கரிகாலனின் முன்னோரை 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறார். அவன் காற்றைத் தடுக்கவில்லை, நாவாய் ஓட்ட அதை வேலை வாங்கினான். இந்தத் துறை செய்வதும் அதுதான்.

ஆனாலும் புழக்கத்தில் இருக்கும் சொல்லைக் கலைக்க வேண்டாம் என்பது என் கருத்து. துறைக்குக் 'கட்டுப்பாட்டியல்' என்றே எழுதலாம். 'இயல்' சேர்ந்ததும் அது ஒரு படிப்பு என்று புரிந்துவிடும். செயலுக்குக் 'கட்டுப்படுத்தல்', ஏசிக்குள் இருக்கும் கருவிக்குக் 'கட்டுப்படுத்தி'.