சோபாவைப் பிறாண்டும் பூனையும் தூக்கிக் கொடுத்த கயிற்றுக் கட்டிலும்

போன மாதம் கீழக்கரையிலிருந்து ஒரு அம்மா, பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு வயது ஆண் பூனை. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது. "டாக்டர், இதுக்கு நகத்தை அடியோட எடுத்துவிட முடியுமா?" என்று கேட்டார். மகள் கல்யாணத்துக்காக வீட்டைப் புதுப்பித்து, வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய பணத்தில் புது சோபா வாங்கிப் போட்டிருக்கிறார்கள், பத்தே நாளில் இரண்டு கைப்பிடியிலும் பஞ்சு வெளியே வந்துவிட்டது. வீட்டுக்காரர் பூனையை மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார். இவருக்கு மனசு வரவில்லை, பேசும்போதே கண் கலங்கிவிட்டது.

"இந்த நாலு வருஷமா எதைப் பிறாண்டிக்கிட்டு இருந்துச்சும்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பின்கட்டில் ஒரு பழைய கயிற்றுக் கட்டில் இருந்திருக்கிறது. பகலில் அதை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார்களாம், பூனை தூங்கி எழுந்ததும் நேராக அங்கேதான் போகும், பின்னங்காலில் நின்று உடம்பை நீட்டி நாலு இழு இழுத்துவிட்டுத்தான் சோற்றுத் தட்டுக்கு வரும். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, கல்யாண வீட்டில் இது எதற்கு என்று அந்தக் கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். வீட்டில் மிச்சம் இருந்த சாமான்களில் கனமாக, ஆடாமல், நகம் பதிகிற மாதிரி நெய்த துணியோடு இருந்தது அந்த சோபா மட்டும்தான்.

15 வருடமாக இந்தக் கடற்கரை ஊர்களில் பூனைகளைப் பார்த்து வருகிறேன். சோபா கிழிந்த கதையோடு யார் வந்தாலும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன், ஏனென்றால் பூனை பிறாண்டுவதை யாராலும் நிறுத்த முடியாது, எங்கே பிறாண்ட வேண்டும் என்பதைத்தான் நாம் மாற்ற முடியும். இதை வீட்டில் இருப்பவர்கள் ஒத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பூனையின் நகம் அடுக்கு அடுக்காக வளர்கிறது. பாம்பு சட்டை உரிப்பதுபோல் மேல் அடுக்கு பழசானதும் கழன்று விழ வேண்டும், பிறாண்டும்போதுதான் அது கழலும். சோபா ஓரத்தில் பிறை வடிவத்தில் சின்னச் சின்னத் துண்டு கிடந்தால் நகம் உடைந்துவிட்டது என்று பயந்து போன் செய்கிறார்கள், அது வெறும் சட்டைதான். அப்புறம் சோம்பல் முறிப்பது. தூங்கி எழுந்த உடம்பைத் தோளிலிருந்து முதுகு வரை இழுத்து நீட்ட, நகத்தை ஊன்றிப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். மூன்றாவதாக, பாதத்தில் விரல்களுக்கிடையே வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன, பிறாண்டிய இடத்தில் அந்த வாசனை ஒட்டிக்கொள்ளும். நம் மூக்குக்குத் தெரியாது. இன்னொரு பூனைக்கு, இது ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிற வீடு என்று அது சொல்லும். மூலையில் கிடக்கும் பொருளை விட்டுவிட்டு, எல்லோரும் உட்கார்ந்து எழும் நடு வீட்டு சோபாவையே பூனை தேடிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் பக்கத்தில் நான் கவனித்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், துறையில் கழிவு மீன் குறைந்துவிடும், அதை நம்பியே வாழ்கிற துறைமுகப் பூனைகள் தெருக்களுக்குள் வரத் தொடங்கும். அந்த நாட்களில்தான், இதுவரை ஒழுங்காக இருந்த வீட்டுப் பூனை திடீரென்று ஜன்னல் திரையையும் வாசல் கதவையும் பிறாண்டுகிறது என்று பாம்பனிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் வருவார்கள். வெளியே புதுப் பூனை நடமாடுவதைப் பார்த்து உள்ளே இருக்கிற பூனை பதற்றப்படுகிறது, தன் வீடு என்று அடையாளம் வைக்கிறது. அப்போது அதைத் திட்டி, விரட்டி, செருப்பை விட்டெறிந்தால் பதற்றம் கூடும், பிறாண்டலும் கூடும். ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்து வெளிப் பூனை கண்ணில் படாமல் செய்தாலே பல வீடுகளில் அடங்கிவிடும்.

சரி, பிறாண்டுவதற்கு என்ன வைப்பது? கடையில் வாங்கித்தான் வைக்க வேண்டும் என்றில்லை. பல கடைகளில் விற்பவை ஒன்றரை அடி உயரம்தான், வளர்ந்த பூனை ஒரு தடவை எட்டிப் பிடித்ததும் சாய்ந்துவிடும், சாய்ந்த கட்டையைப் பூனை மறுபடி நம்பாது. நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலத்துக்குப் பஞ்சமே இல்லை. முள்ளையெல்லாம் சீவிய, தொடை மொத்தம் உள்ள ஒரு கட்டையை மூன்று அடிக்கு வெட்டி, அகலமான பலகையில் ஆடாமல் நிறுத்தி, தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றுங்கள், முடிச்சை உள்பக்கமாக மறைத்துவிடுங்கள். உச்சிப்புளிப் பக்கத் தென்னந்தோப்புகளில் கேட்டால் தென்னை மரத்துண்டே கிடைக்கும், கயிறு சுற்றாமலேயே சில பூனைகளுக்குப் பிடித்துவிடுகிறது. கடல் காற்றில் இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடித்துத் தலை வெளியே நீட்டிக்கொள்ளும், பூனையின் பாதத்தைக் கிழிக்கும், அதனால் கயிற்றுக்கு ஆணி அடிக்காதீர்கள், மரப்பசை போதும்.

கடற்கரை வீடுகளில் எல்லோர் கையிலும் இருப்பது பழைய நைலான் கயிறும் வலைத் துண்டும்தான். தயவுசெய்து அதைச் சுற்றாதீர்கள். நைலான் இழை பிரிந்து நகத்தில் சிக்கும், பூனை அதைக் கடித்து விழுங்கும். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் பின்னோக்கி இருப்பதால் வாய்க்குள் போன நூலைத் துப்ப முடியாது, அது குடலை அப்படியே சுருக்கிவிடும். வயிற்றைத் திறந்து நான் எடுத்திருக்கிறேன், காப்பாற்ற முடியாமலும் போயிருக்கிறது. படகில் கிடந்த டீசல் வாடை அடிக்கும் கயிறும் வேண்டாம், காலில் பட்டதையெல்லாம் பூனை நக்கும்.

கட்டையை முதலில் சோபாவுக்குப் பக்கத்திலேயே, அது கிழித்த கைப்பிடியை ஒட்டி வையுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மொட்டை மாடியிலோ குளியலறை ஓரத்திலோ வைத்தால் அது யாருக்கும் பயன்படாது. சோபாவின் கிழிந்த இடத்தைக் கொஞ்ச நாளைக்குத் தடித்த பிளாஸ்டிக் தாளாலோ சமையலறை அலுமினியத் தாளாலோ மூடுங்கள், அந்த வழுக்கலும் சலசலப்பும் பூனைக்குப் பிடிக்காது. பூனை கட்டையில் கை வைத்த அந்த நொடியே ஒரு துண்டு கருவாடு, உப்பு போகக் கழுவி வேகவைத்தது. அஞ்சு நிமிஷம் கழித்துக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. பூனையின் கையைப் பிடித்துக் கட்டையில் தேய்த்துக் காட்டுகிறார்கள், அதைச் செய்யவே கூடாது, பயந்து அந்தப் பக்கமே வராது. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து கட்டையிலேயே பிறாண்டிய பிறகு, தினம் ஒரு சாண் கணக்கில் உங்களுக்கு வசதியான இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். சில பூனைகள் நின்று பிறாண்டாது, தரையில் விரித்த சாக்கையோ பாயையோதான் இழுக்கும். உங்கள் பூனை கிழித்தது சோபா முதுகையா, மிதியடியையா என்று பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதன் வேரைப் பிடுங்கிக் கழுவி நசுக்கிக் கயிற்றில் தேய்த்தால் சில பூனைகள் வந்து உரசிப் புரண்டு நகத்தை ஊன்றும். தேய்த்ததும் வேரை எடுத்துவிடுங்கள், தின்னக் கொடுக்க வேண்டாம்.

இனி, என்னைத் தூங்கவிடாத விஷயம். சோபாவில் பூனை ஏறாமலிருக்க பினாயில் தெளிக்கிறார்கள், நீலகிரித் தைலம் தடவுகிறார்கள், மெத்தைக்கு அடியில் அந்துருண்டை வைக்கிறார்கள், மிளகாய்த்தூள் தூவுகிறார்கள். யாரோ ஒரு வீடியோவில் சொன்னதாம். பூனையின் கல்லீரலுக்கு இந்த வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் சக்தி மிகக் குறைவு, நாம் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும் என்பதற்கும் இதே காரணம்தான். பினாயில் பட்ட பாதத்தைப் பூனை நக்கும், எச்சில் ஒழுகும், வாய் புண்ணாகும், தள்ளாடும். அப்படி ஆனால் வீட்டில் உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காமல், பாதத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

நகத்தை அடியோடு எடுப்பது பற்றியும் அந்த அம்மாவிடம் விரல் நீட்டிக் காட்டித்தான் சொன்னேன். பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்தே முளைக்கிறது, அதை எடுப்பதென்றால் நம் ஒவ்வொரு விரலையும் கடைசிக் கணுவில் வெட்டுவதற்குச் சமம். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆவது பிரிவில் விலங்கின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றம் என்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019-இல் இந்த அறுவையைத் தடை செய்தது. நான் செய்ய மாட்டேன், செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே போகாதீர்கள்.

நுனியை வெட்டிவிடலாம், அதில் தவறில்லை. முன்காலுக்கு ஐந்து, பின்காலுக்கு நாலு, மொத்தம் 18 நகம். பூனை அரைத் தூக்கத்தில் இருக்கும்போது விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும், உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தமும் நரம்பும் உள்ள பகுதி, அதைத் தொடாமல் வெள்ளை நுனியை மட்டும் வெட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. ஒரே நாளில் 18-ஐயும் முடிக்க வேண்டியதில்லை. வெட்டியைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள், நம் ஊர்க் காற்றில் ஒரு மாதத்தில் துரு ஏறிவிடும்.

கீழக்கரைப் பூனைக்குப் புதுக் கட்டைகூட வேண்டியிருக்கவில்லை. கட்டிலைக் கொடுத்த வீட்டில் கேட்டு, கால் உடைந்த அந்தச் சட்டத்தை மட்டும் கயிற்றோடு திரும்ப வாங்கிவந்து சோபாவுக்குப் பின்னால் சாய்த்தார்கள், மறுநாள் காலையே பூனை அங்கே நின்றதாம்.

கடைசியாக, பத்து வயது தாண்டிய பூனை வைத்திருப்பவர்களுக்கு. உங்கள் பூனை முன்பெல்லாம் பிறாண்டிக்கொண்டிருந்து இப்போது பேசாமல் படுத்திருக்கிறது என்றால் மூட்டு வலியாக இருக்கலாம். பிறாண்டாத நகம் கழலாமல் தடித்து, வளைந்து, பாதத்துக்குள்ளேயே குத்தி இறங்கிவிடும். தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு கிழட்டுப் பூனைக்கு அப்படி இரண்டு நகம் சதைக்குள் புதைந்து சீழ் வைத்திருந்தது, நொண்டுகிறது என்றுதான் கொண்டுவந்தார்கள். இன்று ராத்திரி அது தூங்கும்போது நாலு பாதத்தையும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.