சன்ஸ்கிரீன்: சூரியத்திரையா, வெயில்காப்பா?

ராமநாதபுரம் கடற்கரையில் மார்கழி வெயிலை யாரும் வெயிலாகவே மதிப்பதில்லை. வாடைக்காற்று வீசுகிறது, வானம் மூடிக் கிடக்கிறது, தனுஷ்கோடி மணல் காலில் சுடுவதில்லை. அதனால் சன்ஸ்கிரீன் கோடைச் சமாச்சாரம் என்றே பேச்சு.

சன் என்றால் சூரியன். ஸ்கிரீன் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். கணப்படுப்பின் அனல் முகத்தில் அடிக்காமல் இடையில் வைக்கும் தட்டிக்குத்தான் முதலில் அந்தப் பெயர். ஆனால் இந்தப் பூச்சு தடுப்பது அனலை அல்ல, கண்ணுக்கும் தோலுக்கும் தெரியாத புற ஊதாக் கதிரை. மெல்லிய மேகத்துக்கு அது பெரிதாக அடங்காது. உலர்ந்த மணல் சுமார் 15 விழுக்காட்டையும், கடல்நுரை 25 விழுக்காட்டையும் நம்மீதே திருப்பி அடிக்கும். டிசம்பர் கடைசியில்கூட ராமேசுவரத்தில் உச்சிச் சூரியன் ஏறக்குறைய 57 பாகை உயரத்தில் நிற்கிறது. லண்டனில் அப்போது 15 பாகைதான்.

தமிழில் ‘சூரியத்திரை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. திரை என்றால் மறைப்பு, சரி. அலையும் திரைதான். அப்புறம் ‘நரை திரை’ என்கிறோமே, அந்தத் திரை தோல் சுருக்கம். சுருக்கம் விழாமலிருக்கப் பூசுவதற்கு அதையே பெயராக வைப்பானேன்? ‘வெயில்காப்புப் பூச்சு’ என்றால் குழப்பமில்லை. வெறும் ‘வெயில்காப்பு’ என்று சுருக்கினால், கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் சேலைமேல் போட்டுக்கொள்ளும் முழுக்கைச் சட்டையும் அதில் அடங்கிவிடும். அடங்கட்டுமே, அதுவும் நல்ல காப்புதான்.

கடையில் சன்ஸ்கிரீன் என்றே கேளுங்கள். டியூபில் உள்ள எஸ்.பி.எஃப். எண் காப்பின் அளவைச் சொல்வது. ஆனால் அது, தோலைச் சிவக்க வைக்கும் வகைப் புற ஊதாக் கதிரைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறது. 30 என்றால் அதில் 97 விழுக்காடு தடுக்கப்படும், 50 என்றால் 98. அந்த ஒன்றுக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. சுருக்கம் உண்டாக்கும் மற்ற வகைக் கதிரையும் தடுக்குமா என்று அறிய, ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்ற சொல்லோ, பி.ஏ. என்ற எழுத்துக்குப் பின் மூன்று கூட்டல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். வாடையில் தோல் வறண்டிருந்தால் ஜெல்லைவிடக் கிரீம் நல்லது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். கடலில் இறங்குகிறவர்கள், கதிரைத் தடுக்கச் சில பூச்சுகளில் சேர்க்கும் ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் இல்லாததாகப் பார்த்து வாங்கலாம். பவளப்பாறைக்குக் கேடு என்று ஹவாய் 2021 முதல் அதன் விற்பனைக்குத் தடை போட்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் பவளப்பாறைகள் உண்டு.