அண்டா நிறைகிறது, தண்ணீர் மேலே ஏறுகிறது

தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஆயா வீடு. தீபாவளி விடுமுறைக்குப் போயிருந்தபோது, வளவுத் தூணில் ஒரு வாளியை உயரக் கட்டி, அதிலிருந்து குளுக்கோஸ் ஏற்றுகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் தொங்கவிட்டேன். நேர் கீழே பித்தளை அண்டா. இருட்டியதும் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, கையோடு கொண்டுபோயிருந்த சின்ன எல்.இ.டி விளக்கை மட்டும் போட்டேன். அண்டாவிலிருந்து துளிகள் வரிசையாக எழுந்தன. யாரோ முத்துச்சரத்தை மேலே இழுப்பதுபோல ஒவ்வொன்றாகக் குழாயின் வாய்க்குள் போய்ச் சேர்ந்தன.

"ஆயா, தண்ணி மேல ஏறுது பாருங்க."

ஆயா துளிகளைப் பார்த்தார். அப்புறம் குனிந்து அண்டாவைப் பார்த்தார். "ஏறுதுன்னா அண்டா எப்படிப்பா நிறையுது?"

சரியான கேள்வி. தண்ணீர் எப்போதும்போல விழுந்துகொண்டுதான் இருந்தது. கொட்டுகிற சத்தம்கூட மாறவில்லை. கண்ணுக்கு மட்டும்தான் வேறு கதை.

முதலில் தண்ணீரைக் கவனிப்போம். குழாயிலிருந்து மெல்லிய தாரையாக இறங்கும் நீர் வெகுநேரம் தாரையாகவே இருக்காது. பரப்பு இழுவிசை அதன் மேற்பரப்பைச் சுருக்கப் பார்க்கும். தாரையில் ஓரிடம் கொஞ்சம் மெலிந்தால் போதும், அங்கே அழுத்தம் கூடி, நீர் பக்கத்துப் பருத்த இடத்துக்குத் தள்ளப்படும். மெலிந்தது இன்னும் மெலிந்து அறுந்துவிடும், பருத்தது துளியாகும். தாரையின் சுற்றளவைவிட நீளமான அலைவுகள்தான் இப்படி வளர்ந்து அதை அறுக்கும் என்று கண்டறிந்தவர் பெல்ஜியத்துக்காரரான ஜோசப் பிளாட்டோ. பிறகு அதைக் கணக்கில் நிறுவியவர் இங்கிலாந்தின் ரேலி பிரபு.

தானாக அறுந்தால் துளிகள் கண்டபடி விழும். இந்த வித்தைக்கு அவை ஒரே தாளத்தில் விழ வேண்டும். அதற்காகக் குழாயை மீன்தொட்டிக்குக் காற்று அடிக்கிற மோட்டாரோடு சேர்த்து டேப் ஒட்டியிருந்தேன். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று அலைவது. அந்த மோட்டாருக்குள் இருக்கும் காந்தக் கையும் அதோடு 50 முறை ஆடும். ஒவ்வோர் ஆட்டமும் தாரையில் ஒரு சின்ன மெலிவை உண்டாக்க, விநாடிக்குச் சரியாக 50 துளிகள்.

இனி கணக்கு. குழாய்க்குப் பக்கத்தில் நீர் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அடுத்தடுத்த துளிகளுக்கு இடையே 2 செ.மீ. என் எல்.இ.டி விளக்கு தொடர்ந்து எரிவதல்ல, விட்டுவிட்டு மின்னுவது. அதுவும் விநாடிக்கு 50 முறை மின்னினால், ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒவ்வொரு துளியும் சரியாக 2 செ.மீ. இறங்கி, முன்னால் போன துளி இருந்த இடத்தில் வந்து நிற்கும். இடையில் அது பயணப்பட்டது இருட்டில் நடந்ததால் நமக்குத் தெரியாது. அதனால் துளிகள் அந்தரத்தில் அப்படியே நிற்பதுபோல் தெரியும்.

விளக்கின் வேகத்தை மாற்றும் குமிழைக் கொஞ்சம் திருப்பி மின்னலை 51 ஆக்குகிறோம். இப்போது வெளிச்சம் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுகிறது. துளி 1.96 செ.மீ.தான் இறங்கியிருக்கும். முன்னது இருந்த இடத்துக்கு 0.04 செ.மீ. மேலே இருக்கும். எல்லாத் துளியும் ஒன்றுபோலவே இருப்பதால், இது வேறு துளி என்று மூளைக்குத் தெரிய வழியில்லை. மிக அருகில் தெரிவதையே பழைய துளி என்று எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் மேலே நகர்ந்திருக்கிறது" என்று முடிவுகட்டுகிறது. விநாடிக்கு 51 முறை இதே முடிவு. துளிகள் விநாடிக்கு 2 செ.மீ. வீதம் மேலே ஏறுகின்றன! மின்னலை 49 ஆக்கினால் அதே 2 செ.மீ. வேகத்தில் சாவகாசமாக இறங்கும். 100 ஆக்கினால் துளிகள் இரட்டிப்பாகத் தெரியும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்: ஒரு துளி ஏறுவதாக நாம் ஒரு விநாடி பார்த்துக்கொண்டிருந்தால், உண்மையில் பார்த்தது 51 வெவ்வேறு துளிகளை. ஒருமுறை பார்த்த துளியை அந்த இடத்தில் மறுபடி பார்க்கவே இல்லை.

துளிகளை நிறுத்திவைத்தால் இன்னொன்றும் தெரியும். குழாய்க்கு அருகே 2 செ.மீ. ஆக இருந்த இடைவெளி, 20 செ.மீ. கீழே 4 செ.மீ.க்கு மேல் விரிந்திருக்கும். புவியீர்ப்பு துளிகளை முடுக்குவதை ஸ்கேல் வைத்தே அளந்துவிடலாம்.

மின்னல் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு துல்லியம். என் விளக்கு ஒவ்வொரு முறையும் விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் எரிந்தது. அதற்குள் துளி அரை மில்லிமீட்டர்தான் நகரும். சோக் வைத்த பழைய குழல்விளக்கும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஆனால் அது முழுக்க இருட்டாவதில்லை, அதனால் துளிகள் கலங்கலாகத்தான் தெரியும்.

அந்தக் குழல்விளக்கு லேத் பட்டறையில் ஆபத்தாகவும் முடியலாம். இரும்பைப் பிடித்துச் சுழற்றும் நாலு தாடைச் சக் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால், விநாடிக்கு 25 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நாலு தாடைகள், ஆக விநாடிக்கு 100 முறை ஒரே இடத்தில் ஏதாவது ஒரு தாடை வந்து நிற்கும். விளக்கின் துடிப்போடு ஒத்துப்போய், சுற்றுகிற இரும்பு நிற்பதுபோல் தெரியும். கையை வைத்தால் போச்சு. அதனால்தான் பட்டறை விளக்குகளை மூன்று பேஸ்களில் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். ஒன்று மங்கும்போது மற்றது எரியும். வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: விட்டுவிட்டு மின்னும் வெளிச்சம், குறிப்பாக விநாடிக்கு 15 முதல் 25 முறை வரை மின்னுவது, சிலருக்கு வலிப்பைத் தூண்டும். வலிப்பு உள்ளவர் யாராவது வீட்டில் இருந்தால் இதைச் செய்யவே வேண்டாம்.

தாரையை ஆராய்ந்த அதே பிளாட்டோதான் 1832-ல், பிளவுகள் வெட்டிய, படங்கள் வரைந்த வட்டத்தகட்டைச் சுழற்றி, விளக்கு மின்னுவதுபோல அந்தப் பிளவுகள் வழியே விட்டுவிட்டுப் பார்க்கவைத்து, படங்கள் அசைவதாகக் காட்டினார். ஆஸ்திரியாவில் சைமன் ஸ்டாம்ஃபரும் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டுபிடித்தார். பிளாட்டோவுக்கு 1840-களில் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகும் குடும்பத்தாரும் நண்பர்களும் பார்த்துச் சொல்ல, பல ஆண்டுகள் நீரையும் சோப்புப் படலங்களையும் ஆராய்ந்தார். இதைப் படித்த நாளிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. அந்த வட்டத்தகடு வந்து சுமார் நூறாண்டு கழித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்ட் எட்ஜர்டன் மின்னணு முறையில் மின்னும் விளக்கைப் பரவலாகப் பயன்படும் கருவியாக்கினார்.

இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்வரை ஆயா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் தாரைக்கு நடுவில் ஒற்றை விரலை நீட்டினார். விரலுக்குக் கீழே இருந்த துளிகள் மறைந்துபோயின. மேலே மட்டும், விரல்நுனியிலிருந்தே துளிகள் பிறந்து ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயை நோக்கி ஏறின.

"மேலேருந்துதான் அடிக்குது," என்றார் ஆயா, விரலை எடுக்காமலே.