துருத் தண்ணீருக்கு முதலில் காற்று, கடைசியில் குளோரின்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் உங்கள் லயத்துக்குக் குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான் வருகிறதென்றால், கழிவறைத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உட்சுவரில் செம்மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால், அது இரும்பைத் தின்று வளரும் பாக்டீரியா. அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி கலக்கினால் மை போலக் கறுக்கும். வெள்ளைப் பள்ளிச் சட்டை நாளடைவில் பழுப்பேறும்.

இதைப் பார்த்ததும் பலரும் கடையில் பத்து அங்குல ஃபில்டர் வாங்கிக் குழாயில் மாட்டுகிறார்கள். பணம் வீணாகும் இடம் இதுதான். நிலத்தடியிலிருந்து ஏறும்போது இரும்பு தண்ணீரில் கரைந்திருக்கும். எவ்வளவு நுண்ணிய ஃபில்டரானாலும் அதன் வழியே நழுவிப் போய்விடும். காற்று பட்ட பிறகே அது துருவாகத் திரளும். அப்படித் திரண்ட துரு சில நாட்களிலேயே ஃபில்டரை அடைத்துவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. கிணற்றிலிருந்து வரும் தண்ணீரைத் தெளிவான பாட்டிலில் பாதி நிரப்பி, நன்றாகக் குலுக்கி, மறுநாள் வரை வையுங்கள். தெளிவாக வந்தது மஞ்சளாகி, அடியில் துரு படிந்தால் கரைந்த இரும்பு. எடுக்கும்போதே பழுப்பாக இருந்து, மறுநாளும் அப்படியே இருந்தால் சதுப்பு மண்ணின் சாயம். அதற்குக் கீழே சொல்லும் காற்று, மணல், குளோரின் வழிமுறை போதாது. மலேசியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் இரும்பு 0.3 மில்லிகிராமுக்கும், மாங்கனீசு 0.1 மில்லிகிராமுக்கும் மேல் போகக்கூடாது. இந்த இரண்டையும், தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) ஆய்வுக்கூடத்தில் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

பி.எச். ஏன் என்றால், அது ஒரு எண் குறைந்தாலே இரும்பு துருவாகும் வேகம் ஏறக்குறைய நூறு மடங்கு குறைகிறது. கருங்கல் மலையடிவாரத்துக் கிணறுகளில் தண்ணீர் அமிலத்தன்மையோடு இருப்பது சகஜம். அங்கே வெறுமனே காற்றில் தெளித்தால் மட்டும் வேலை நடக்காது. துளையிட்ட தட்டுகளை அடுக்கி, அவற்றில் சுண்ணாம்புக்கல் சல்லியைப் பரப்பி, மேலிருந்து துளையிட்ட பி.வி.சி. குழாய் வழியாக மழைபோல் விழவிடுங்கள். மொத்த உயரம் ஒரு மீட்டராவது வேண்டும். ஈப்போ வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. கல் கரையக் கரைய மேலே கொட்டி நிரப்ப வேண்டும். இதை மறந்துவிட்டுப் பிறகு மணலைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

அங்கிருந்து 1,000 லிட்டர் படிவுத் தொட்டி. அதன் பிறகு மணல். மணிக்கு 600 லிட்டருக்கு 200 லிட்டர் நீல டிரம் இரண்டு, பக்கத்துக்குப் பக்கமாக. அடியில் 15 சென்டிமீட்டர் சரளைக்கல், அதன்மேல் 50 சென்டிமீட்டர் சலித்துக் கழுவிய ஆற்று மணல். மணல் துகள் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை. கடல் மணல் கூடாது. களைக்கொல்லி வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்குப் பயன்படுத்தவே கூடாது. செம்பனைத் தோட்டங்களில் அது எளிதாகக் கைக்குக் கிடைப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

தண்ணீர் வரத்து பாதியாகக் குறைந்தால், மணலுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் நிற்க, மேல்மணலைக் கையால் கலக்கி, கலங்கிய தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றுங்கள். மணலை வெள்ளையாகும்வரை கழுவ வேண்டாம். துகளைச் சுற்றியுள்ள துருப்பூச்சுதான் அடுத்து வரும் இரும்பைப் பிடிக்கிறது.

குளோரின் கடைசியில். படிவுத் தொட்டியிலேயே போட்டால் அதை இரும்பே தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது. 65 விழுக்காடு கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் என்றால் 1,000 லிட்டருக்கு 1.5 கிராம், லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் வரும். அரை மணி நேரம் கழித்துச் சோதனை மாத்திரை போட்டுப் பார்த்தால் 0.5 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். நீச்சல்குளத்துக்கான மெதுவாகக் கரையும் மாத்திரைகளில் பெரும்பாலும் சயனூரிக் அமிலம் உண்டு, குடிநீருக்கு வேண்டாம்.

இனி பம்பை ஓட்ட மின்சாரம், அதைச் சூரிய ஒளியிலிருந்தே எடுக்கலாம். ஆயிரம் லிட்டரை ஒரு மீட்டர் ஏற்ற 2.725 வாட்-மணி வேண்டும். ஒரு நாளைக்கு 3,000 லிட்டரை 25 மீட்டர் ஏற்ற, பெருக்கிப் பார்த்தால் 3 × 25 × 2.725, சுமார் 204 வாட்-மணி. பம்பும் குழாயும் தின்றது போக மூன்றில் ஒரு பங்குதான் பலன் என்று வைத்தால் 600 வாட்-மணி. நம் ஊரில் நாளுக்கு நான்கு மணி நேர முழு வெயில் என்று கணக்கிட்டு, வெப்பத்துக்கும் தூசிக்கும் ஒதுக்கினால் 200 வாட் தேவை. மேகமூட்டத்துக்குமாகச் சேர்த்து 400 வாட் சூரியப் பலகை ஒன்று போதும். பேட்டரி வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் இன்னொரு தொட்டியை உயரத்தில் வையுங்கள். பகலில் ஏற்றிய தண்ணீர் இரவில் தானே இறங்கி வரும், சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிய பொருளும் இருக்காது.

பலகையைப் பத்து டிகிரி சாய்வில் தெற்கு நோக்கி வைத்தால் மழையே அதைக் கழுவிவிடும். காலை பத்திலிருந்து மூன்று மணி வரை செம்பனை மட்டையின் நிழல் ஒரு மூலையில்கூட விழக்கூடாது. சிறு நிழலுக்கே பலகையின் ஒரு பகுதி முழுதும் செத்துப்போகும். கிணறு வற்றினால் பம்பை நிறுத்தும் உணரியும், மேல்தொட்டி நிரம்பினால் நிறுத்தும் மிதவைச் சுவிட்சும் இல்லாமல் யாரும் பொருத்த விடாதீர்கள். இடி நிறைந்த நாடு இது. நிலத்தில் இறக்கிய எர்த் கம்பியும் மின்னெழுச்சித் தடுப்பானும் கட்டாயம்.

செலவைக் குடியிருப்பவர்கள் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. தோட்ட வீடுகளில் தங்கும் தொழிலாளர்களுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்கிறது 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம். நிர்வாகத்திடம் பேசப் போகும்போது ஆய்வுக்கூட முடிவும் கையில் இருக்கட்டும்.

கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் தரும் பாட்டிலை மட்டுமே பயன்படுத்துங்கள். உள்ளே கொஞ்சம் மருந்து இருக்கும், கழுவிக் கொட்டிவிடாதீர்கள். வரும் வழியில் குளோரினை முறிப்பதற்காக வைத்தது அது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, எடுத்த அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.